மறுபிரதி எங்கே இருக்கிறது?

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் சீனி வருத்தத்தையும் பிரஷரையும் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை உங்கள் வைத்தியர் உங்களுக்குச் சொல்லுவார். நான் இன்று பேச விரும்புவது, உங்கள் வீட்டில் உள்ள படங்கள், பத்திரங்கள், குரல்கள் ஆகியவற்றை எப்படிப் பத்திரப்படுத்துவது என்பது பற்றி. இதற்கும் வைத்தியத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது.

அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது ஒரு டயக்னோசிஸ் காட் தருவார்கள். என்ன வருத்தம், என்ன சத்திரசிகிச்சை, என்ன மருந்து என்று அதிலே எழுதியிருக்கும். பல வருடங்களுக்குப் பிறகு அந்த நோயாளி வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்குள்ள வைத்தியருக்குப் பெரும்பாலும் கிடைப்பது அந்த ஒரு மட்டைதான். அது வெள்ளத்தில் போயிருக்கும், அல்லது வீடு மாறியபோது தொலைந்திருக்கும். ஈசிஜி எடுத்த தாளைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன் என்று கொண்டுவருவார்கள். அது வெப்பத்தால் பதியும் தாள். சில வருடங்களில் கோடுகள் மங்கி வெறுந்தாளாகிவிடும். பழைய ஈசிஜி இருந்தால், இன்று தெரியும் மாற்றம் புதிதா பழையதா என்று சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் நாங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தாளை ஒரு தடவை படம் எடுத்து இரண்டு இடத்தில் வைத்திருந்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை இது.

பிரதி எடுத்து வைப்பது எம்மவருக்குப் புதிய விடயம் அல்ல. ஏட்டுச் சுவடிக் காலத்தில் ஓலைக்கு ஆயுள் குறைவு என்று தெரிந்தே மறுபடி மறுபடி எழுதி வைத்தார்கள். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். பழைய ஏடுகள் எந்த அளவுக்குச் சிதைந்து கிடந்தன என்பதைத் தம் பதிப்புரையில் வேதனையோடு எழுதினார். ஒரு ஏட்டில் அழிந்த வரியை வேறோர் இடத்து ஏட்டிலிருந்து மீட்க முடிந்தது. ஒரே ஏடாக இருந்த நூல், அந்த ஏட்டோடு போனது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறு நூலகங்களில் பிரதி இருந்த அச்சு நூல்களைப் பின்னர் தேடிச் சேர்க்க முடிந்தது. பிரதியே இல்லாத சுவடிகளையும் கையெழுத்துகளையும் எங்கே தேடுவது? 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இன்று ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் இணையத்தில் சேர்த்து வைத்திருப்பது அந்த இழப்பை உணர்ந்த ஒரு தலைமுறையின் பணி என்றே நான் கருதுகிறேன்.

வீடுகளின் கதையும் இதுதான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். சேர்ட்டிபிக்கட் பையைத் தூக்கினோம், அல்பத்தை விட்டுவிட்டு வந்தோம். 2004 டிசம்பர் 26 அன்று கிழக்கிலும் வடமராட்சிக் கிழக்கிலும் முல்லைத்தீவிலும் பை தூக்கவும் நேரம் இருக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் தொலைந்தால் கச்சேரிக்குப் போய்ப் பதிவைத் தேடி எடுக்கலாம். அம்மாவின் கலியாணப் படத்துக்கு எந்தக் கச்சேரிக்குப் போவது? லண்டனில் இருந்த சித்திக்கு அந்தக் காலத்தில் தபாலில் அனுப்பிய ஒரு படம்தான் பல குடும்பங்களில் இன்று மிஞ்சியிருக்கும் ஒரே படம். அந்தச் சித்தியின் அலுமாரியே அக்குடும்பத்தின் மறுபிரதி.

இனி இன்றைய நிலையைப் பார்ப்போம். இப்போது அல்பமும் இல்லை, அலுமாரியும் இல்லை. "எல்லாம் ஃபோனிலைதான் கிடக்கு" என்கிறோம். அதற்கு மேலே கேட்டால் மூன்று பதில்கள் வரும்.

முதலாவது, "கூகிளிலை இருக்கு". கூகிள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. படங்களுக்கு அளவில்லாத இலவச இடம் என்ற சலுகை 2021 ஜூன் 1ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இடம் நிரம்பினால் புதிய படங்கள் மேலே போவது நின்றுவிடும். அறிவித்தல் வரும், நாங்கள் அதைத் தள்ளிவிட்டு வேறு வேலை பார்ப்போம். இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபோனில் நீங்கள் அழிக்கும் படம் கூகிளிலும் ஐகிளவுட்டிலும் சேர்ந்தே அழியும். குப்பைக்கூடையில் கூகிள் 60 நாள் வரையும் அப்பிள் 30 நாள் வரையும் வைத்திருக்கும், பிறகு போய்விடும். இரண்டு இடத்தில் ஒரே மாதிரி வைத்திருப்பதற்குப் பெயர் ஒத்திசைவு. நீங்கள் தவறுதலாக அழித்தாலும் தன்னிடமுள்ளதை விட்டுக்கொடுக்காமல் வைத்திருப்பதே காப்புப் பிரதி.

இரண்டாவது, "வட்ஸ்அப்பிலை இருக்கு". வட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்ட படம். ஃபோன் திரையில் அழகாகத் தெரியும், மலரில் அச்சிட்டால் புள்ளி புள்ளியாக வரும். இந்த நூற்றாண்டு மலருக்காகப் படம் சேர்த்த குழுவினரைக் கேட்டுப் பாருங்கள். மூலப்படத்தை அனுப்பச் சொன்னால், அந்த ஃபோன் பழுதாகி விட்டது என்று பதில் வரும். முக்கியமான படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டொகியுமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள். அளவு குறையாமல் போகும்.

மூன்றாவது, "மகன் ஹாட் டிஸ்கிலை போட்டுத் தந்தவர்". நல்லது. அந்த வன்தட்டு எங்கே, கடைசியாக எப்போது போட்டுப் பார்த்தீர்கள்? வன்தட்டு சுழலும் இயந்திரம். சில பத்து வருடம் ஓடும், சில பத்து மாதத்தில் நின்றுவிடும். எது எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது. பென்டிரைவை நீண்ட நாள் சேமிப்புக்கு நம்பவே வேண்டாம். அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போவதற்கான பொருள்.

ஆகவே என்ன செய்வது? பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய 3-2-1 என்ற விதி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறொரு இடத்தில். இந்த மூன்று எண்களை மட்டும் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனாலே நான் பேசியதற்குப் பலன் கிடைத்துவிடும்.

இப்போது வீட்டுக்குள் வைக்கும் பிரதியைப் பார்ப்போம். ஒரு கணினி மட்டும் உள்ள சிறிய குடும்பத்துக்கு இரண்டு வெளி வன்தட்டுகள் போதும். நாலைந்து பேர், ஆளுக்கொரு ஃபோன், இரண்டு மடிக்கணினி, பிள்ளைகளின் படிப்பு வேலை என்றால் நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டியை யோசிக்கலாம். சினோலொஜி, கியூநாப் போன்றவை இந்தப் பெட்டிகளைச் செய்கின்றன. வன்தட்டுகள் பொருத்திய சிறு பெட்டி அது. வீட்டு ரவுட்டரோடு ஒரு வயரில் இணைத்துவிட்டால், வைஃபையில் உள்ள ஃபோன்களிலிருந்து படங்கள் தாமாகவே அதற்குள் போய்ச் சேரும்.

தெரிவு செய்யும்போது ஆறு விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, இரண்டு வன்தட்டு போடக்கூடிய பெட்டியாக வாங்குங்கள். இரண்டிலும் ஒரே தரவு எழுதப்படும்படி, கண்ணாடிப் பிம்பம் போல அமைக்கலாம். இதை ரெயிட் 1 என்பார்கள். 4 டெராபைட் வன்தட்டு இரண்டு போட்டால் உங்களுக்குக் கிடைக்கும் இடம் 4 டெராபைட்தான். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். ஒரு படம் சராசரியாக 4 எம்பி என்று வைத்தால் அதற்குள் பத்து இலட்சம் படங்கள் அடங்கும். வீடியோதான் இடத்தை விழுங்கும். இப்போதிருப்பதைக் கூட்டிப் பார்த்து, அதுபோல் இரண்டு மூன்று மடங்கு இடம் உள்ளதாக வாங்குங்கள்.

இரண்டாவது, நாஸுக்கென்றே செய்த வன்தட்டை வாங்குங்கள். கடையில் சிஎம்ஆர் வகையா எஸ்எம்ஆர் வகையா என்று கேளுங்கள். சிஎம்ஆர் வகைதான் வேண்டும். மற்றதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி எழுதுவதால், பழுதான வன்தட்டை மாற்றி மறுபடி நிரப்பும்போது மிகவும் இழுபடும்.

மூன்றாவது, யூபிஎஸ் ஒன்று கட்டாயம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாடு இது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தரவு குழம்பலாம். யூபிஎஸ்ஸிலிருந்து நாஸுக்கு ஒரு யுஎஸ்பி வயரைக் கொடுத்துவிட்டால், மின்கலம் இறங்கும்போது பெட்டி தானே ஒழுங்காக நின்றுவிடும்.

நான்காவது, வைக்கும் இடம். காற்றோட்டமான, வெயில் படாத, வெள்ளம் ஏறாத உயரத்தில் வையுங்கள். அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் சூடேறும். சாமியறை வேண்டாம், விளக்குப் புகையும் சாம்பிராணியும் அதற்கு ஆகாது.

ஐந்தாவது, பெட்டி கீச்சிட்டால் காரணத்தைப் பாருங்கள். ஒரு வன்தட்டு நின்றுவிட்டது என்று அது சொல்லுகிறது. சத்தத்தை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் விட்டுவைக்கும் வீடுகள் உண்டு. பிறகு இரண்டாவதும் நிற்கும்.

ஆறாவது, அதை நேரடியாக இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். தயாரிப்பாளர் தரும் புதுப்பிப்புகளை உடனே போடுங்கள். புதுப்பிப்புத் தருவதை நிறுத்திவிட்டால், அந்தப் பெட்டியை இணையத்திலிருந்து கழற்றுங்கள். 2021 ஜூனில் மை புக் லைவ் என்ற பழைய வகைச் சேமிப்புப் பெட்டிகளுக்குள் தொலைவிலிருந்தே புகுந்து அவற்றை வெறுமையாக்கிவிட்டார்கள். அந்த வகைக்குப் புதுப்பிப்பு 2015இலேயே நின்றுபோயிருந்தது. உலகெங்கும் பலர் காலையில் எழும்பிப் பார்த்தபோது பல வருடப் படங்கள் இல்லை.

இங்கேதான் மிக முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வன்தட்டு உள்ள பெட்டி இருந்தாலும் உங்களிடம் இருப்பது ஒரு பிரதிதான். நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் ஒரே கணத்தில் அழியும். கள்ளன் தூக்கினால் பெட்டியோடு போகும். தீப்பிடித்தால் சேர்ந்தே எரியும். பணம் பறிக்கும் நச்சுநிரல் புகுந்தால் இரண்டையும் பூட்டும். 2017 மே மாதம் வொனாக்ரை என்ற நச்சுநிரல் பரவியபோது இங்கிலாந்தில் சுகாதார சேவையின் 236 ட்ரஸ்ட்களில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை நேரங்கள் இரத்தாகின. அத்தனை பெரிய நிறுவனத்துக்கு வந்தது எங்கள் வீட்டுக்கு வராது என்று சொல்ல முடியாது.

எனவே இரண்டாவது பிரதி வெளி வன்தட்டில் இருக்கட்டும். மாதம் ஒரு தடவை, பறுவத்தன்று என்று நாள் வைத்துக்கொள்ளுங்கள், அதை நாஸில் பொருத்திப் பிரதி எடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள். கழற்றி வைப்பதுதான் பாதுகாப்பு. வயரில் இல்லாத வன்தட்டுக்குள் எந்த நச்சுநிரலும் போக முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. நாஸ் பெட்டி பழுதானால் அதற்குள் உள்ள வன்தட்டைக் கழற்றி விண்டோஸ் கணினியில் போட்டாலும் பெரும்பாலும் சும்மா திறக்காது. வெளி வன்தட்டு சாதாரண முறையில் இருந்தால் யாருடைய கணினியிலும் திறக்கலாம்.

மூன்றாவது பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். இதில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. எங்கள் குடும்பங்கள் ஏற்கனவே உலகம் முழுக்கப் பரந்துவிட்டன. ரொறன்ரோவில் அண்ணா, மெல்பேணில் தங்கை. ஆளுக்கு ஒரு வன்தட்டு வைத்திருக்கச் சொல்லுங்கள். இணையத்தால் அனுப்பலாமே என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். 500 ஜிபியை, வினாடிக்கு 10 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் அனுப்ப இரவு பகலாக நாலரை நாளுக்கு மேல் எடுக்கும். ஆகவே முதல் தடவை வன்தட்டில் எழுதி, விடுமுறைக்கு வருபவரின் கையில் கொடுத்து விடுங்கள். முறுக்கு, மிளகாய்த்தூளோடு அதுவும் போகட்டும். பிறகு புதிதாகச் சேர்வதை மட்டும் இணையத்தால் அனுப்பலாம். வீட்டை விட்டு வெளியே போகும் வன்தட்டைக் கடவுச்சொல்லால் மறைகுறியாக்கம் செய்து அனுப்புங்கள். அந்தக் கடவுச்சொல் வன்தட்டோடு ஒட்டியிருக்கக் கூடாது. வேறு வழியில் போக வேண்டும்.

வெளியில் ஆள் இல்லாதவர்கள் பணம் கட்டும் கிளவுட் சேவையை மூன்றாவது பிரதியாக வைக்கலாம். ஆனால் கிளவுட் என்பதும் யாரோ ஒருவருடைய கட்டடத்தில் உள்ள கணினிதான். 2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஒவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது. வேறிடத்தில் பிரதி வைக்காத வாடிக்கையாளர்கள் தரவை இழந்தார்கள்.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிரதியிலிருந்து ஒரு படத்தையும் ஒரு பத்திரத்தையும் மீட்டுத் திறந்து பாருங்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒட்சிசன் சிலிண்டர் நிற்கிறது என்பதோடு நாங்கள் திருப்திப்படுவதில்லை. திறந்து, அளவு மானியைப் பார்த்த பின்னர்தான் நோயாளியை மேசையில் ஏற்றுவோம். திறந்து பார்க்காத பிரதியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

எதைக் காப்பது என்றும் கேட்பீர்கள். எல்லாவற்றையும் அல்ல. காலை வணக்கப் பூப்படங்களை அழித்துவிடுங்கள். காணி உறுதி, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், டயக்னோசிஸ் காட், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, ஒவ்வாமை உள்ள மருந்துகளின் பட்டியல், பழைய ஈசிஜி, பயொப்சி அறிக்கை ஆகியவற்றை முதலில் படமெடுத்துச் சேருங்கள். பிறகு வீடியோ கசெற்றுகள். காந்த நாடா வருடத்துக்கு வருடம் தேயும், ஓட்டிப் பார்க்கும் இயந்திரமும் அரிதாகிவிட்டது. அதை மாற்றி எடுப்பதற்கு இன்னும் காலம் தள்ளாதீர்கள். அடுத்தது அம்மம்மாவின் குரல். படம் எல்லோரிடமும் இருக்கிறது, குரல் இல்லை. இந்த வாரமே ஒரு மணித்தியாலம் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். படத்தில் யார் யார் என்று இருப்பவர்களிடமே கேட்டு எழுதுங்கள். பெயர் தெரியாத முகம் ஒரு தலைமுறையில் அந்நியமாகிவிடும்.

இனிச் சொல்லப் போவது, பெண்களாகிய எமக்கென்று நான் ஒதுக்கி வைத்த விடயம். வீட்டில் கணினி, கடவுச்சொல் எல்லாம் கணவரின் அல்லது மகனின் பொறுப்பு என்று விட்டுவிடுகிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நான் திரும்பத் திரும்பக் காணும் காட்சி ஒன்று உண்டு. கணவர் உள்ளே நினைவின்றி இருப்பார். மனைவியின் கையில் அவருடைய ஃபோன் இருக்கும். அதைத் திறக்க அவருக்குத் தெரியாது. காப்புறுதி இலக்கமும் வங்கி விபரமும் வெளிநாட்டுப் பிள்ளையின் புதிய தொலைபேசி எண்ணும் அதற்குள் இருக்கும். அவர் இறந்துவிட்டால் முப்பது வருடத்துப் படங்களும் அதற்குள்ளேயே பூட்டப்பட்டுக் கிடக்கும். துக்கத்தோடு இந்தத் தவிப்பும் சேரும். இதைத் தடுப்பதற்கு அரை மணித்தியாலம் போதும்.

கூகிளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற ஏற்பாடு உண்டு. குறித்த காலம் கணக்கு பாவிக்கப்படாவிட்டால் யாருக்குத் தரவு போக வேண்டும் என்று அதில் எழுதலாம். இரண்டு வருடம் பாவிக்காத தனியாள் கணக்குகளை அழிக்கும் விதியைக் கூகிள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்பிளில் மரபுரிமைத் தொடர்பு என்று ஒருவரை நியமிக்கலாம். இவற்றோடு, நாஸின் பெயர், கடவுச்சொல், பிரதி எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்பவற்றை ஒரு தாளில் கையால் எழுதி, உறையிலிட்டு, காணி உறுதியோடு வையுங்கள். பிள்ளைகளில் ஒருவருக்கும் சொல்லி வையுங்கள். "எனக்கு இதெல்லாம் விளங்காது பிள்ளை" என்று சொல்ல வேண்டாம். மடக்கையும் திரிகோணகணிதமும் விளங்கிய எமக்கு இது விளங்கும்.

கடைசியாக, எமது பாடசாலைக்கு ஒரு வேண்டுகோள். நூறு வருடப் பதிவேடுகள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், விளையாட்டுப் போட்டிப் படங்கள், கையெழுத்துச் சஞ்சிகைகள் இன்று நூலக அறையின் அலுமாரியில் இருக்கின்றன. கறையான் ஒரு பக்கம், ஈரம் ஒரு பக்கம். இவற்றை ஸ்கான் செய்து ஒரு நாஸில் பாடசாலையில் வைப்போம். பிரதிகளைக் கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, சிட்னிக் கிளைகள் ஆளுக்கொன்று பொறுப்பேற்கட்டும். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிப்பது போல, ஒவ்வொரு கிளையும் தன் பிரதியைத் திறந்து பார்த்ததாக அறிக்கை தரட்டும். மாணவிகளின் மருத்துவ, குடும்ப விபரங்கள் உள்ள ஏடுகளை அதிபரின் அனுமதியின்றி வெளியே அனுப்பக் கூடாது. மற்றவற்றைப் பொதுவில் வைக்க நூலகம் போன்ற நிறுவனங்களின் துணையைக் கேட்கலாம். இந்தப் பணிக்கு முதலாவது வன்தட்டு இரண்டையும் எங்கள் வகுப்பு வாங்கித் தரும் என்று வகுப்புத் தோழியரின் சம்மதத்தோடு இங்கே அறிவிக்கிறேன்.

இருநூறாவது ஆண்டு மலரைத் தொகுக்கப் போகும் பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. அவர்கள் எங்கள் முகங்களைத் தேடும்போது, ஓரிடத்தில் இல்லாவிட்டாலும் இன்னோரிடத்தில் கிடைக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள்: என் ஃபோன் இன்றிரவு கிணற்றில் விழுந்தால், நாளை காலை என்னிடம் என்ன இருக்கும்? பதில் உங்களுக்குத் திருப்தியாக இல்லாவிட்டால், அடுத்த பறுவம் வரை காத்திருக்காதீர்கள்.